நாடி இறங்கிய கதை

கூடத்தில் பாக்குவெட்டி கடக்கென்றது.

உள்ளறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்த ரிஹானாவுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. மாமியார் காசிம் பீவி சாப்பாடு முடிந்து பாக்கு நறுக்குகிறாள், வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த நாற்பது நாளாக வீட்டில் இரும்போடு இரும்பு உரசினாலே அவளுக்குப் பிரசவ அறைதான் கண்முன் வந்து நிற்கிறது.

அன்று நாற்பதாம் நாள். காலையில் தலைக்கு ஊற்றிக் குளித்து, பிள்ளை பெற்ற பிறகு முதல்முறையாகத் தொழ வந்திருந்தாள். மூட்டு தேய்ந்த கிழவிகள்தான் நாற்காலியில் தொழுது அவள் பார்த்திருக்கிறாள். இருபத்து நான்கு வயதில் தனக்கும் நாற்காலி வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. தரையில் மடங்கி உட்கார்ந்தால் தையல் போட்ட இடம் நெருப்பாய் எரிந்தது. இரண்டாம் வாரத்தில் தையல் பிரிந்து சீழ் வைத்து, மறுபடி ஊசி, மறுபடி மருந்து. கணவன் உமைர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறான். கடையிலிருந்து அவன் கொண்டுவந்த நீல நிற டப்பில் வெந்நீரும் உப்பும் போட்டு, காலையும் மாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாலூட்டும்போதும் ஒருக்களித்துத்தான் படுத்தாள்.

அத்தனையையும் அவள் சிரித்த முகத்தோடு தாங்கினாள் என்றால் அதற்குக் காரணம் ஜெயசுதா.

ஜெயசுதா ரிஷிவந்தியத்துப் பெண். அப்பா கரும்பு விவசாயி. ஆறாம் வகுப்பில் கள்ளக்குறிச்சிப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ரிஹானாவும் அவளும் ஒரே பெஞ்சு. ரிஹானாவின் டிபன் பாக்ஸை ஜெயசுதா காலி செய்வாள், ஜெயசுதாவின் கணக்கு நோட்டை ரிஹானா பார்த்து எழுதுவாள். ரிஹானாவைப் பன்னிரண்டோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். ஜெயசுதா நர்ஸுக்குப் படித்தாள், கள்ளக்குறிச்சியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ரிஹானாவுக்கு வலியைப் பற்றிப் பயமில்லை, கத்திரியைப் பற்றித்தான் பயம். சின்னம்மா மகளைப் பிரசவத்தில் வெட்டித் தைத்ததையும் அவள் இரண்டு மாதம் உட்கார முடியாமல் அழுததையும் கிட்ட இருந்து பார்த்தவள். அதனால்தான் ஏழாம் மாதத்தில் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வெட்டித்தான் ஆவணும்னா வெட்டிக்கோடி. ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டு."

"உன்னக் கேக்காம கத்திரி எடுப்பேனாடி, லூசு" என்று ஜெயசுதா அவள் தலையில் கைவைத்தாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சேலத்துக்குப் போகலாம் என்ற உமைரோடு மல்லுக்கு நின்று, ஜெயசுதா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். விடியற்காலையில் வலி எடுத்தது. மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு, மேசையில் கால்கள் கட்டுண்ட மாதிரிக் கிடக்கையில், கீழே ஊசி ஒன்று இறங்கியது. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அடுத்து ஒரு சத்தம். புதுத் துணியை வெட்டுகிற சத்தம். பிறகு குழந்தையின் அழுகை.

வார்டுக்கு வந்ததும் ஜெயசுதா அவள் காதருகே குனிந்தாள். குழந்தைக்கு நாடி இறங்கிவிட்டது, கேட்க நேரமில்லை, இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் புள்ள கையில் இருந்திருக்காது என்றாள். ரிஹானா அந்தக் கையை இழுத்து முத்தமிட்டாள். பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, அவளும் ஒருக்களித்துத்தான் படுத்திருந்தாள். தன் குழந்தைக்கும் நாடி இறங்கியதாகச் சொன்னாள். ஒரே நாளில் இரண்டு உயிரை என் தோழி காப்பாற்றினாளே என்று ரிஹானா பூரித்துப் போனாள். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். வலி அதிகமாகும் நேரங்களில் மகளின் முகத்தைப் பார்த்துத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இன்று நாற்பதாம் நாள் விருந்துக்கு ஜெயசுதாவையும் அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். உமைர் கடைக்குப் போய்விட்டான்.

காசிம் பீவி வெற்றிலையை மென்றபடி தன் மகள் நௌஷீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நௌஷீனை மூங்கில்துறைப்பட்டில் கொடுத்திருக்கிறது. ஆறு மாதம். தலைச்சன். அவளுக்கும் ஜெயசுதாவே பார்க்க வேண்டும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலும் உள்ளறைக்குக் கேட்கிற வீடு அது.

"ஏம்மா சுதா, என் பொண்ணுக்கு மட்டும் வெட்டாம பாத்துக்கோ. மருமவ படற பாட்ட பாத்துக்கினுதான இருக்கேன். என் பொண்ணு தாங்கமாட்டா."

"பாத்துக்கலாம்மா. பொறுத்தா தானா வந்துடும். ரிஹானாவுக்கே வெட்டாம வுட்டிருக்கலாம். ஒரு அரமணி நேரம் பொறுத்திருந்தா போதும். ரெண்டு மணிக்கு டூட்டி மாறுது, அதுக்குள்ள முடிக்கணும்னு டாக்டர் மேடம் நிக்கறாங்க. எங்க வார்டுல தலைச்சன்னா எல்லாருக்கும் வெட்டறதுதான்."

"நீ வெளிய வந்து கேட்டப்ப நானும் வெட்டுன்னுதான சொன்னேன். அவகிட்ட கேக்காத, கத்தி ஊர கூட்டுவான்னு."

"நீங்க சொல்லப் போயிதாம்மா எனக்கும் தைரியம் வந்துது" என்று ஜெயசுதா சிரித்தாள்.

ரிஹானாவுக்குத் தொழுகையில் தான் மூன்றாவது ரக்அத்தில் இருக்கிறோமா நான்காவதிலா என்று மறந்துபோனது. உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன, காது கூடத்தில் இருந்தது. கேட்டிருக்கிறாள். வெட்டுவதற்கு முன்னால் ஜெயசுதா வெளியே வந்து கேட்டுத்தான் இருக்கிறாள். கேட்ட ஆள்தான் வேறு. உடம்பு ஒருத்தியுடையது, சம்மதம் இன்னொருத்தியுடையது. அப்படியானால் நாடி? நாற்பது நாள் அவள் பல்லைக் கடித்தது எதற்காக?

எப்படியோ சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாள். நாற்காலியைப் பிடித்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் காசிம் பீவி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"பாப்பாவுக்கு நாடி எறங்குச்சா, எறங்கலையா?" என்று ரிஹானா கேட்டாள். கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்த இருவருக்கும் அதுதான் பயமாக இருந்தது.

ஜெயசுதா குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த காலுறையை.

"இன்னாடி இது, இப்பப் போயி. எல்லாருகிட்டயும் சொல்றதுதான். அப்படிச் சொன்னாத்தான் அழாம இருப்பாங்க."

"அந்த மலைக்காரப் பொண்ணுகிட்டயுமா?"

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் இப்படியா பேசுவது, புள்ள நல்லபடியா பொறந்துச்சா இல்லையா, சுகப்பிரசவம்தானே என்று காசிம் பீவி நடுவில் புகுந்தாள். சுகம் என்ற சொல்லைக் கேட்டதும் ரிஹானா மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"நௌஷீனுக்கு வெட்டணுமா வேணாமான்னு நீங்க சொல்லிடாதீங்க மாமி. அவளையே கேக்கச் சொல்லுங்க. அவகிட்ட நானே பேசறேன்."

"எம் மவகிட்ட இன்னா சொல்லப் போற?"

"எனக்கு நடந்தத."

காசிம் பீவி பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெயசுதா எழுந்தாள். ரிஹானா கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். இவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்னும் வலிக்குதாடி என்று கேட்டுவிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று அந்தப் பைத்தியக்கார மனசு வாசல்வரை அவள் பின்னாலேயே போனது.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜெயசுதா நிமிர்ந்தாள். அவள் கண்களில் ஈரம் இருந்தது.

"ரிஹானா, ஆஸ்பத்திரியில கம்ப்ளைன்ட் ஏதாச்சும் குடுத்துடுவியாடி? எனக்கு இன்னும் வேல பர்மனன்ட் ஆவல."

அந்த ஈரம் யாருக்காக என்பது அப்போதுதான் ரிஹானாவுக்கு விளங்கியது.

"இன்னும் யோசிக்கல. குடுக்கறதா இருந்தா உங்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுப்பேன்."

ஜெயசுதா தலை குனிந்தாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ரிஹானா குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.