நைல் நதியில் ஒரு சங்கரன்கோவில் கோஷ்டி

ஊர் சுற்றிக் காட்டுவதைத் தொழிலாக வைத்திருப்பவனுக்கு ஊரைப் பார்க்கக் கொடுத்துவைக்காது. தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் யாராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். ஒருத்தர் டீ வேண்டும் என்பார், ஒருத்தர் வண்டியை நிறுத்து என்பார், ஒருத்தரைக் காணவே காணோம். நான் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். நவதிருப்பதி, நவகைலாயம், ராமேஸ்வரம், காசி என்று சங்கரன்கோவிலில் இருந்து பல வருஷமாக ஆட்களைக் கூட்டிப்போகிறேன். இப்போது தெருவுக்குத் தெரு வேன்காரர்கள் முளைத்துவிட்டார்கள். அதனால் முதல்முறையாக வெளிநாடு என்று துணிந்தேன். எகிப்து. நைல் நதியில் சில நாள் கப்பல் பயணம், கரையெல்லாம் ஆயிரமாயிரம் வருஷத்துக் கோயில்கள். இது சரிப்பட்டு வராவிட்டால் ராஜபாளையத்தில் மச்சினன் வைத்திருக்கிற பைப் கடையில் போய் உட்காருவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மச்சினன் எனக்கென்று ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டான்.

நடை சாத்தியிருக்கும்

பதினாறு பேர் சேர்ந்தார்கள். அதில் முக்கியமானவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. பலசரக்கு மொத்த வியாபாரம். இப்போது கடையை மகன் பார்க்கிறான். பஜாரில் அண்ணாச்சி 'நல்லாருக்கு' என்றால் நல்லாருக்கு. 'சரியில்ல' என்றால் அந்தக் கடையில் ஈ கூட உட்காராது. அடுத்த கோஷ்டிக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று பாதி பஜார் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, மற்ற பதினைந்து பேர் என்ன நினைத்தாலும் சரி, அண்ணாச்சி திருப்தியோடு திரும்பியாக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ரதவீதியில் என் ஆபீசில் உட்காரவைத்து ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். "அங்கன இருக்கதெல்லாம் ரொம்பப் பழைய கோயில். கும்பிடுத ஆளுக போய் எத்தனையோ காலமாச்சு. அர்ச்சனை கிடையாது, தீபாராதனை கிடையாது. பாத்துட்டு வரலாம், அவ்வளவுதான்." எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினி மட்டும், சூடம் எத்தனை பாக்கெட் எடுத்துவைக்க என்று கேட்டார்கள். விமானத்தில் சூடத்தை விடமாட்டான் என்று நான் பதறினேன். அண்ணாச்சி என் தோளில் தட்டி எனக்கே ஆறுதல் சொன்னார்.

"பூசை இல்லாத கோயில் எங்கயாவது உண்டாவே? நீரு போன நேரம் நடை சாத்தியிருப்பான்."

வாசலில் பதினாறு ஜோடி

முதல் கோயில் லக்சரில். கோபுரம் மாதிரி இரண்டு பக்கமும் சுவர் எழும்பி நிற்கிறது. உள்ளே தூண்கள், ஒவ்வொன்றையும் நாலைந்து பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். நான் டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் நம் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கோயில் வாசலைக் கண்டால் நம் கால் தானாகச் செருப்பை உதறிவிடும்; அதற்கு யாரையும் கேட்காது. வெயிலோ பொரிகிறது. உள்ளே கல் தரை தோசைக்கல். ஐந்து நிமிஷத்தில் பதினாறு பேரும் துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஓடிவந்தால் செருப்பைச் சுற்றி நாலு காவலர்கள் நிற்கிறார்கள்.

என்னுடன் பீர் பாய் வந்திருந்தார். கடையநல்லூர்க்காரர். ரியாத்தில் குடோன் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அரபி பேசுவதற்கென்றே அவரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் போய்ப் பேசினார். காவலர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு செருப்புகளை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். முதல் நாளே போலீஸ் என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என்ன கேட்டார்கள் என்று பாயிடம் விசாரித்தேன்.

"இத்தனை பேரு செருப்ப விட்டுட்டு ஓடியிருக்காங்களே, உள்ள எதுவும் கலவரமான்னு கேக்கான் மாப்ளே."

பரிவட்டம்

கப்பல் கிளம்பி ஓரிடத்தில், தண்ணீர் மட்டம் ஏறுவதற்காக மதகில் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சின்னச் சின்னப் படகுகளில் துணி வியாபாரிகள் வந்து கப்பலைச் சூழ்ந்துகொள்வார்கள். கீழே இருந்தபடியே சால்வையைப் பாலிதீன் உறையில் சுருட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பிடித்தவர் எடுத்துக்கொண்டு, காசை அதே உறையில் போட்டுத் திருப்பி எறிய வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

வந்து விழுந்த முதல் சால்வை சரியாக அண்ணாச்சியின் மடியில் விழுந்தது. சரிகைக் கரை போட்ட மஞ்சள் சால்வை. அண்ணாச்சி எழுந்தார். கீழே நிற்கிறவனைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். சால்வையை மடித்துத் தலையில் பரிவட்டமாகக் கட்டிக்கொண்டார். பூசையைக் காணாமல் இரண்டு நாளாக இறுகியிருந்த அந்த முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். கீழே அவன் தொண்டை கிழியக் கத்துகிறான். அண்ணாச்சி அதற்கும் தலையசைத்து மரியாதையை ஏற்றுக்கொள்கிறார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய்தான் பக்குவமாகக் காதில் சொன்னார். அண்ணாச்சி பரிவட்டத்தை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் உறையில் போட்டு, கோபப்படாமல் கீழே எறிந்தார்.

"மரியாதையக் குடுத்துட்டுக் காசு கேக்கான்னா, இதுவும் நம்ம ஊரு மாதிரி கோயிலுதாம்வே."

கறிச் சோதனை

கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு வரிசையாக வைத்திருப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியானால் ஆட்டுக்கறியைக் கம்பியில் கோத்து நம் கண்முன்னாலேயே கரியடுப்பில் சுட்டுத் தருவான். சங்கரன்கோவில்காரனுக்கு ஆட்டுக்கறி என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊர் பிரியாணிக்காகவே பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் கோயிலுக்குப் போகிற நாளில் கறி தொடக்கூடாது. இந்தப் பயணத்திலோ தினமும் ஒரு கோயில். அண்ணாச்சி தயிரும் வெள்ளரிக்காயும், மதினி கொண்டுவந்த பருப்புப் பொடியுமாகச் சாப்பிட்டார். கறி சுடுகிற பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். வாசனைக்கு முதுகா தெரியும்?

ஒருநாள் பகலில் பருந்து உருவச் சாமி ஒன்றின் கோயிலுக்குப் போயிருந்தோம். குதிரை வண்டியில் கூட்டிப்போனார்கள். பருந்துச் சிலையைப் பார்த்ததும் எல்லோரும் கருடாழ்வார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி கருவறைவரை போய் எட்டிப்பார்த்தார். இருட்டு. ஒரு திரி இல்லை, ஒரு பூ இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். மச்சினனின் பைப் கடை என் கண்ணில் வந்து வந்து போயிற்று. அன்று ராத்திரி கறி மணக்க, அண்ணாச்சி என் மேசைக்கு எழுந்து வந்தார். போச்சு, எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று நானும் எழுந்து நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாமி இருக்கா இல்லியான்னு முடிவாச் சொல்லும்வே. இருக்குன்னா பூசை எங்க? இல்லன்னா என் கறி எங்க?"

ஒரு கோயில், இரண்டு சாமி

அடுத்த கோயில் ஆற்றங்கரையிலேயே. கப்பலை விட்டு இறங்கி நடந்தே போனோம். பொழுது சாயும் நேரம், கல்லும் ஆறியிருந்தது. அங்கிருந்த வழிகாட்டி அரபியில் விளக்க, பாய் தமிழில் சொன்னார்: "இது ஒரு சாமி கோயிலு இல்லியாம். ரெண்டு சாமியாம். நடுவுல பிரிச்சு வலது பாதி ஒருத்தருக்கு, இடது பாதி ஒருத்தருக்கு. வாசல் ரெண்டு, கருவறை ரெண்டு. யாருக்கும் கூடுதல் குறைச்சல் இல்லியாம்."

நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதி சிவனும் பாதி பெருமாளுமாக ஒரே உடம்பில் நிற்கிற சங்கரநாராயணரை நாள் தவறாமல் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. இதை வேறு யாராவது விளக்க வேண்டுமா? எங்கள் கோயில் புற்றில் இருப்பதுபோலச் சுவரில் படமெடுத்த நாகங்கள் வேறு வரிசையாக நின்றன. அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். இந்தமுறை நான் தடுக்கவில்லை. வலப்பக்கக் கருவறைக்கு முன்னால் கொஞ்ச நேரம், இடப்பக்கத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் என்று கை கட்டி நின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மதினி மட்டும் கீழே குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"ஒரே கோயில்ல ரெண்டு பேரு குடியிருக்காவன்னா எவ்வளவு பொறுமை இருக்கணும் தம்பி. எங்க வீட்டுல ரெண்டு மருமவளுக்கு ஒரு அடுப்பு ஆவலியே."

மண்

குனிந்து எடுத்தது என்னவென்று ஊர் திரும்புகிற விமான நிலையத்தில்தான் தெரிந்தது. மதினியின் கைப்பைக்குள் இரண்டு சின்னப் பொட்டலம். இரண்டிலும் மண். ஒன்று, எங்கள் கோயில் புற்றுமண். மேலுக்கு முடியவில்லை என்றால் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம். அதில்லாமல் மதினி வெளியூருக்குப் படி இறங்கமாட்டார்கள். இன்னொன்று, இரண்டு சாமி கோயிலின் மண். ரெண்டு சாமி இருக்கிற இடத்து மண்ணும் பிரசாதம்தானே என்று எடுத்திருக்கிறார்கள். அந்த ஊரில் பழைய கோயிலில் இருந்து ஒரு கல்லையோ மண்ணையோ கிளப்பினால் சும்மா விடமாட்டார்கள். அதிகாரி பொட்டலங்களை மேசையில் எடுத்து வைத்துவிட்டு எங்களைத் தனியாக நிறுத்திவிட்டார். மற்றவர்கள் விமானத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அண்ணாச்சி மனைவியின் பக்கத்தில் வேர்த்துப்போய் நிற்கிறார். மதினியை விட்டுவிட்டு அண்ணாச்சியோடு நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?

பாய் தனக்குத் தெரிந்த குடோன் அரபியில் மன்றாடினார். மருந்து என்றார், பிரசாதம் என்றார், வாயில்கூடப் போடுவார்கள் என்றார். அதிகாரி நம்பவில்லை. மதினிக்கு அரபி தெரியாது. ஆனால் நம்பாத முகம் தெரியும். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி குனிந்து மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். அவர் அம்மாவும் ஊரில் ஒரு பெரியவர் அடக்கமான இடத்து மண்ணைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாராம். உங்கள் ஊர் மண்ணைக் கொண்டுபோங்கள், எங்கள் மண்ணைக் கொடுத்துவிடுங்கள் என்றார். மதினி மறு பேச்சில்லாமல் அடுத்த பொட்டலத்தை நீட்டினார்கள். மாறிவிடவில்லையே, நிச்சயமாகத் தெரியுமா என்று பாய் வழியாகக் கேட்டார் அதிகாரி. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது, அவ்வளவு நிம்மதி. மதினிக்கோ கோபம்.

"கட்டுன புருசன மாத்திச் சொன்னாலும் சொல்லுவேன், புத்துமண்ண மாத்திச் சொல்லுவேனா? அவருகிட்டச் சொல்லும் பாய்."

பஜார் தீர்ப்பு

திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வேன் ஊருக்குள் நுழையும்போது விடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகுமுன் கோயிலில் நிறுத்தச் சொன்னார் அண்ணாச்சி. சாமியிடமே என்னைப்பற்றிப் புகார் சொல்லப்போகிறாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். சங்கரநாராயணர் சந்நிதியில் தீபாராதனை நேரம். மணி அடிக்கிறது, தட்டு சுற்றுகிறது, பத்திருபது பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். என்றைக்கும் நடப்பதுதான். அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மதினி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள்.

அன்று சாயங்காலம் பஜார் டீக்கடையில் அண்ணாச்சியைச் சுற்றிக் கூட்டம். நான் பக்கத்து மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிறவன்போல முதுகு காட்டி நின்றேன். உண்மையாகவே தலை வலித்தது. "என்ன அண்ணாச்சி, கோயிலெல்லாம் எப்படி?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். நான் மாத்திரையைத் தண்ணீரில்லாமலே விழுங்கிவிட்டேன்.

"நம்ம கோயிலு அதுக்குள்ள ஒரு மூலைக்குக் காணாதுலே, அத்தாம் பெருசு. கட்டுனவன் ராசா. ஆனா சாயங்காலம் விளக்கு வைக்க ஒரு நாதி இல்ல. தெனமும் பாக்க தீவாராதனதான், இன்னைக்குக் காலையிலதான் எனக்கு அது என்னன்னே தெரிஞ்சது. எல்லாரும் பேரக் குடுத்து ஒருக்கா போயிட்டு வாங்கலே."

இந்தத் தொழிலில் சாமி தரிசனமெல்லாம் கூட வருகிறவர்களுக்குத்தான். கூட்டிப்போகிறவனுக்கு, அவர்கள் ஊருக்கு வந்து நம்மைத் திட்டாமல் விட்டதே பிரசாதம்.