காலில் அடித்த காற்று

ஜொவிட்டாவுக்கு முப்பத்தாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. பிறகு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டது. இதைக் கேட்டதும் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து அடுத்த தெருவுக்குப் போகலாம். அவள் இப்போதுதான் மந்தைவெளியில் முதல் மாடி வீடு ஒன்றுக்குத் தனிக்குடித்தனம் வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்கு முன் பல வருடம் அடையாறில் இருந்தாள். காதும் கண்ணும் இல்லாதவர்களுக்காகப் பங்குக் கோயில்காரர்கள் நடத்தும் இல்லம் அது. நல்ல சாப்பாடு, நல்ல ஜெபம், நல்ல மனிதர்கள். ஆனால் குழம்பில் மிளகாய் எவ்வளவு போடுவது என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள். ஜொவிட்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இல்லத்தின் பொறுப்பாளர் ஃப்ளோரன்ஸ். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தை அவள் கைக்குள் சைகையாகச் சொல்லிக்கொண்டே வருவார், நடுவில் தூங்கிவிட்டால் கிள்ளவும் கிள்ளுவார். தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் இல்லத்துக் கமிட்டி ஒரு மாதம் சோதனைக்கு விட்டது.

முதல் வாரமே வம்பு. கேட்காத காதுக்கு அழைப்பு மணி எதற்கு என்று, எலெக்ட்ரீஷியன் பொன்ராஜ் வாசல் பொத்தானோடு ஒரு மேசை விசிறியை இணைத்துக் கொடுத்திருந்தார். யாராவது அழுத்தினால் முகத்தில் காற்றடிக்கும், ஜொவிட்டா போய்த் திறப்பாள். பிரமாதமான ஏற்பாடு, கரண்ட் போய் வருகிறவரை. கரண்ட் வந்து சீலிங் ஃபேன் சுற்றியதும் விருந்தாளி என்று நினைத்து ஓடினாள். யாருமில்லை. மறுபடி கரண்ட் போனது, வந்தது, ஓடினாள். இந்தத் தடவை எதிர்வீட்டு சகினா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு நின்றாள். ஜொவிட்டா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டுவிட்டாள்.

“நா மார்க்கெட்டுக்குப் போய்க்கினு இருந்தேன்கா. இன்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள தட்டு வந்துருச்சு. ஆனா குழம்பு சூப்பரா கீது,” என்று சகினா ஃப்ளோரன்ஸிடம் சொன்னாள்.

பொன்ராஜ் வந்து விசிறியைத் தரையில் இறக்கி வைத்தார். காலில் காற்றடித்தால் வாசல், தலையில் அடித்தால் கரண்ட். கதவுக்கு ஒரு சங்கிலியும் போட்டார்கள். வந்தவர் இடுக்கு வழியாகக் கையை நீட்ட வேண்டும்; தடவிப் பார்த்து ஆள் தெரிந்தால்தான் ஜொவிட்டா சங்கிலியை எடுப்பாள். ஃப்ளோரன்ஸ் என்றால் விரலில் முத்துமுத்தாக ஜெபமாலை மோதிரம் இருக்கும். மற்றவர்கள் அவரவர் பெயரை அவள் கையில் சொல்ல வேண்டும். இல்லத்தோடு பழகிய எல்லோருக்கும், தொட்டுச் சொல்வதற்கென்று ஆளுக்கொரு பெயர் உண்டு.

கமிட்டித் தலைவர் ஜேக்கப், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சகினா சாப்பிட்ட கதையைக் கேட்டு ஊரே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. யார் வந்தாலும் திறந்துவிடுகிற பெண்ணை எப்படித் தனியே விடுவது என்றார். மாதக் கடைசி ஞாயிறு சாப்பிட வருவதாகவும், பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று அவர் சொன்னால் திங்கட்கிழமையே மூட்டை கட்ட வேண்டும். ஜொவிட்டாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஞாயிறு மதியம் காலில் காற்றடித்தது. ஓடிப்போய்க் கதவிடுக்கில் கையை வைத்தாள். மோதிரம் தட்டுப்பட்டது. ஃப்ளோரன்ஸ்! சங்கிலிக்குக் கை போகும்போதே ஏதோ உறுத்த, இன்னொரு முறை தடவினாள். மோதிரம் ஃப்ளோரன்ஸுடையதுதான். ஆனால் அது மாட்டியிருந்த சுண்டுவிரல் வாழைக்காய் கனத்தில் இருந்தது, கணுவில் முடி வேறு. ஒரே ராத்திரியில் ஃப்ளோரன்ஸுக்கு முடி முளைத்துவிட்டதா? அந்தக் கையை ஓர் அடி அடித்து வெளியே தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மறுபடி காற்றடித்தது. இந்தத் தடவை வந்தது ஃப்ளோரன்ஸின் வெறுங்கை. ஜேக்கப் சார் சோதித்துப் பார்ப்பதற்காகப் படிக்கட்டில் மோதிரத்தைப் பிடிவாதமாக வாங்கி மாட்டிக்கொண்டதையும், இப்போது அது கழற்ற வராமல் விரல் வீங்குவதையும் அந்தக் கை அவசர அவசரமாகச் சொன்னது. ஜொவிட்டா தேங்காயெண்ணெயோடு வந்தாள். இடுக்கில் நீண்ட தலைவரின் விரலுக்கு எண்ணெய் தடவி, திருகித் திருகி மோதிரத்தை உருவினாள். சங்கிலியை மட்டும் எடுக்கவில்லை. அவர் உள்ளங்கையில் விரலால் பெரிதாக எழுதினாள்: ‘யார்?’

எட்டு வருடமாகத் தலைவர். எதைச் சொல்வதென்றாலும் ஃப்ளோரன்ஸிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போதும் ஃப்ளோரன்ஸ் பக்கம்தான் திரும்பினார்.

“எனக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மணிக்கட்டுல ரெண்டு தட்டு சார். ஜெபம் முடிஞ்சதும் ‘நேரமாச்சு’ன்னு ஒவ்வொருத்தரா தட்டிக்கிட்டே போவீங்களே, அதான் உங்க பேரு,” என்றார் ஃப்ளோரன்ஸ்.

ஜேக்கப் இடுக்கில் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு ஜொவிட்டாவின் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார். சங்கிலி விழுந்தது.

அன்றைய மீன் குழம்பில் மிளகாய் எவ்வளவு என்பதை ஜொவிட்டாதான் தீர்மானித்திருந்தாள். தலைவர் கண்ணும் மூக்கும் ஒழுகச் சாப்பிட்டார், மறுசோறும் வாங்கினார். ஆனால் முடிவைப் பற்றி மூச்சு விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு ஜொவிட்டா சுவரில் சாய்ந்து நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

காலில் காற்றடித்தது.

இடுக்கில் வந்த கை முதலில் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டியது. பிறகு கரும்பலகையில் எழுதுவதுபோல் அவள் உள்ளங்கையில் ஒவ்வோர் எழுத்தாக எழுதியது.

‘அடுத்த ஞாயிறும் உன் வீட்டுக்கு வரலாமா?’

ஜொவிட்டாவுக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரி இல்லையா, யோசிப்பதுபோல் அவரைச் சற்று நிற்கவைத்தாள். அப்புறம் அவர் கையைத் திருப்பிப் பிடித்து எழுதினாள்: ‘வரும்போது வஞ்சிரம் வாங்கி வாருங்கள்.’