ஸ்டேஷனில் இருக்கும் என் துப்பாக்கி

இதைப் படிக்கப்போகிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோடு போட்ட தாளிலேயே என் வரி கீழே இறங்கிப் போகும். எழுத்துப் பிழை வரக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை பார்த்து எழுதுகிறேன். பேங்கில் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

ஆனாலும் எழுதவேண்டி வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, துப்பாக்கியை ஏன் வேண்டாம் என்கிறீர்கள், காரணத்தை எழுதுங்கள் என்றார். நான் 'தேவை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. வாயால் சொல்லவும் எனக்கு வராது. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி அப்பாவுடையது. ஒற்றைக் குழல், குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் ரவையையும் போட்டு இடிக்கிற பழைய மாதிரி. பயிர்ப் பாதுகாப்புக்காக என்று லைசென்சில் இருக்கும். எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலை பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா காலத்தில் நிலக்கடலை போடுவோம், பன்றி வரும். அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றிகள் ஓடும். அடுத்த வாரம் திரும்ப வரும். அவர் எதையும் சுட்டுக் கொன்று நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் பேருக்கு வந்தது. அதற்குள் கடலை போட்ட நிலம் தென்னந்தோப்பு ஆகிவிட்டது. நான் ஒருநாளும் அதை வெடித்ததில்லை. பீரோவுக்குப் பின்னால் சும்மா நின்றது.

தேர்தல் வந்தால் மட்டும் அது வெளியே போகும். லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் கொடுத்துவைக்க வேண்டும், தேர்தல் முடிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுக் கேட்டு என் வீட்டுக்கு ஆள் வருவதற்கு முன்னால் துப்பாக்கியைக் கேட்டு ஆள் வந்துவிடும். பழைய வேட்டியில் சுற்றி, மொபெட்டில் கட்டி எடுத்துப்போவேன்.

வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்தில் பாடுபடுகிறவனுக்குப் பெண் கொடுக்க இந்தப் பக்கம் இப்போது ஆள் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலும் நான் தலையைத் தூக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அம்மா இறந்த பிறகு, மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்க்கும்போது அதட்டுகிற சத்தம்தான் அந்த நாளில் நான் பேசிய பேச்சு என்று ஆகிவிட்டது.

இந்த வருடம் தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வாங்கிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் உடனே போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் கேபிள் திருட்டு ஆரம்பித்தது. போர்வெல் மோட்டாருக்குப் போகிற கேபிளுக்குள் செம்பு இருக்கிறது. அதை அறுத்து, எரித்து, செம்பை மட்டும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இங்கே மோட்டார் நின்றுவிடும். சுற்றி எங்கும் கேபிள் போயிருந்தால் கடையில் சரக்கும் இருக்காது, பொருத்துகிறவனும் வரமாட்டான். தண்ணீர் இல்லாமல் காய்கிற தென்னை பிஞ்சுக் குரும்பையைக் கொட்டிவிடும்.

கிழக்குத் தோட்டத்து அண்ணனுக்கு இரண்டாம் தடவையாகக் கேபிள் போனது. அன்று பொழுது சாய அவர் என் வாசலுக்கு வந்தார். அம்மாவின் காரியத்துக்கு வந்தவர், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார்.

"ஏந்தம்பி, உன்ற துப்பாக்கி எங்கே?"

"ஸ்டேஷன்லீங்கண்ணா."

"எலெக்சன் முடிஞ்சும் அங்கெதுக்குக் கெடக்குது? அது என்ன அங்க முட்டையா வெக்குது? போய் வாங்கியா சாமி. இந்தச் சுத்துவட்டாரத்துலயே லைசென்ஸ் உங்கிட்ட மட்டுந்தான் இருக்குது."

"சரிங்கண்ணா, திங்கக்கெழம போறனுங்க."

மறுநாளும் வந்தார். தெற்குத் தோட்டத்து மாமாவும் கூட வந்தார். மாமா வயதானவர், அண்ணன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசுவதில் அவருக்கு ஒரு ருசி. மூன்றாம் நாள் அண்ணனின் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பால் சொம்போடு வந்துவிட்டார். நான் உடுமலைக்குப் போய் மூன்று பிளாஸ்டிக் சேர் வாங்கி வந்தேன். பேக்கரியில் மிக்சரும் வாங்கினேன். டீ போட்டுக் கொடுத்தேன். என் வாசலில் ஒரம்பரை, விருந்தாளிகள் வந்ததுபோல் இருந்தது.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். திருட வருகிறவனைச் சுடலாமா, கூடாதா.

"வக்கீலைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தேன்" என்றார் அண்ணன். "ராத்திரி ஊட்டுக்குள்ள பூந்து உசுருக்குப் பயம்னு வந்துட்டா, சுட்டாத் தப்பில்லையாமா. தோட்டத்துல ஒயரை அறுத்துட்டு ஓடறவனைச் சுட்டா அது கொலைக் கேசாமா. ஏனுங் மாமா, நமக்கு ஊடு எதுங்க? படுக்கற எடமா? தண்ணி வர்ற எடந்தானுங்களே?"

"சரி, சுடு. சுட்டுப்போட்டுப் பொணத்தை என்ன பண்ணுவே? உன்ற தண்ணித் தொட்டியிலயே போட்டு வெப்பியா?"

"காலைப் பாத்துச் சுட்டாப் போவுது."

மாமா என்னைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ள கறிக்கடையில எலும்பு கொறச்சுப் போடப்பான்னு சொல்லக் கூச்சப்பட்டுட்டு, கடைக்காரன் குடுத்த எலும்பையெல்லாம் வாங்கிட்டு வருது. இதா காலைப் பாத்துச் சுடும்?"

அக்கா சிரித்ததில் டீ சிந்தியது. நானும் சிரித்தேன். அது உண்மைதான், கறிக்கடையில் அப்படித்தான் நடக்கும்.

ஆனால் அக்கா விளையாட்டுக்குப் பேசவில்லை. "நீங்க சிரிக்கறீங்க மாமா. பசங்க ரெண்டும் கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிருச்சுங்க. தோட்டத்துல நாங்க ரெண்டு பேருந்தான். நாய் கொலைச்சாப் போதும், எனக்கு அதுக்கப்பறம் தூக்கமே வர்றதில்லீங். இன்னைக்கு ஒயருக்கு வந்தவன் நாளைக்கு என்ற காதை அறுக்க வரமாட்டானுங்களா?"

 மாமா மிக்சரில் கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் தோட்டத்து வீடுகள் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் தனித்தனியாக இருப்பவை. அப்படிப்பட்ட வீடுகளில், நகைக்காக ஆளையே அடித்துக் கொன்றதுவரை, என்னென்ன நடந்திருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி என்னுடையது, அவ்வளவுதான். கிளம்பும்போது மட்டும் அண்ணன், "எப்பத் தம்பி போறே?" என்பார். திங்கட்கிழமை போகிறேன் என்பேன். திங்கட்கிழமை வந்தால், ரைட்டர் இல்லையாம் என்பேன். அது பொய், நான் போகவே இல்லை. வாங்கி வந்துவிட்டால் அவர்களுக்குக் காரியம் முடிந்துவிடும். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாலும் முடிந்துவிடும். இரண்டும் செய்யாமல் இருக்கிறவரைக்கும் பொழுது சாய்ந்தால் என் வாசலில் பேச்சுக்குரல் கேட்கும்.

ஒருநாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "ஆளு சிக்கிட்டான், வெரசா வா."

அவருடைய மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், ஒரு தென்னையில் அவனைக் கட்டியிருந்தார்கள். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் உரச் சாக்கு, அதில் புதிதாக அறுத்த கேபிள் சுருட்டி வைத்திருந்தது. அவன் திருடினான் என்பதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. அடி விழுந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் சிலர் மட்டையும் தடியுமாக நின்றார்கள். மாமாவும் இருந்தார்.

"இன்னும் எங்கெங்கடா அறுத்தே? உங்கூட வந்தவன் யாரு?" என்று அண்ணன் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் போய் ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் மாறியது. என் தோளில் கையை வைத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவரு யாருன்னு தெரியுமாடா? துப்பாக்கிக்காரரு. லைசென்ஸ் துப்பாக்கி. நாங்க அடிச்சதெல்லாம் அடியே இல்ல. போய் எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தடி வைத்திருந்தவர்களை விட்டுவிட்டு, கையில் ஒன்றும் இல்லாத என்னைப் பார்த்தான்.

"அண்ணா, வேண்டாங்கண்ணா" என்றான். "எனக்குப் புள்ளைக இருக்குதுங்கண்ணா. வேண்டாங்கண்ணா."

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியாது. எனக்குப் பேச்சு வராது என்பது ஊரறிந்தது. ஆனால் அன்று நான் பேசாதது கூச்சத்தால் இல்லை. என்னிடம் யாரும் எதற்காகவும் கெஞ்சியதில்லை. என்னை நடுவில் நிறுத்தி யாரும் சுற்றி நின்றதில்லை. நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடைய முகத்தையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. எனக்கு முதுகு நிமிர்ந்திருந்தது, அது எனக்கே தெரிந்தது. நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

 அவன் லுங்கி நனைந்தது. யாரோ சிரித்தார்கள். மாமாதான், "போதும், அவுத்துடுங்கடா, தண்ணி குடுங்க" என்று சத்தம் போட்டார். அவிழ்த்துவிட்டதும் அவன் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான், ஓடவில்லை. அக்கா போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவன் குடிக்கும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அன்று மாலை வாசலில் கூட்டம் அதிகம். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி ஒரு வார்த்தை பேசல, பாத்தீங்களா? சும்மா நின்னே மூத்திரம் போக வெச்சுப்போட்டுது! இல்லாத துப்பாக்கிக்கே இப்படின்னா, இருந்தா எப்படி? நாளைக்கு நானே கார்ல கூட்டிட்டுப் போறேன், வாங்கிட்டு வந்தர்லாம்."

அவர் காரில் என்னை ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராத்திரி எல்லோரும் போன பிறகு சேர்களை எடுத்து அடுக்கினேன். கட்டுண்டு நின்றவன் முகமும், அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிற்பும் மாறி மாறி நினைவுக்கு வந்தன. சுடலாமா கூடாதா என்று இத்தனை நாள் பேசினோமே, அந்தப் பேச்சில் எல்லாம் சுடுகிறவன் யாரோ ஒருவனாகத்தான் இருந்தான். பயந்து நிற்கிறவன், இல்லாவிட்டால் பதறிச் சுடுகிறவன். இத்தனை வருடம் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் தனியாக இருந்த ஒருத்தன், கையில் அது வந்ததும் சந்தோஷப்படுகிறான் என்று யாரும் பேசவில்லை. எனக்கும் அது வரைக்கும் தெரியாது. உசுருக்குப் பயந்து ஒருவன் சுட்டால் அதை என்னால் குறை சொல்ல முடியாது. நான் அதற்காகச் சுடமாட்டேன், வேறு எதற்காகவோ சுட்டுவிடுவேன் என்று தோன்றியது.

மறுநாள் ஸ்டேஷனில் ரைட்டர் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

"பேனா வேண்டாமா?"

"துப்பாக்கி வேண்டாமுங்க. அரசாங்கத்துக்கே குடுத்தர்றனுங்க."

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்ன தம்பி, வெளையாடறியா?" நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரைட்டர் அந்த வெள்ளைத் தாளை எடுத்தார். மனு மேலே போய் ஆர்டர் வர நாளாகும், அதுவரை மனது மாறினால் வந்து சொல்லலாம், துப்பாக்கி இங்கேதான் இருக்கும் என்றார்.

 திரும்பி வரும்போது, எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற இட்டேரித் தடத்தின் திருப்பத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கப் போனபோது கேட்டார்: "ஏந்தம்பி, நாளைக்கு என்ற ஊட்டுல பூந்து எங்க ரெண்டு பேரையும் அடிச்சுப்போட்டுப் போனா, நீ வந்து எட்டிப் பாப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. 

அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை. அக்காவும் வரவில்லை. மாமா ஒருநாள் வந்தார். அவர் சொன்னதுபோலத்தானே செய்திருக்கிறேன், பாராட்டுவார் என்று நினைத்தேன். டீ குடித்தார், மழையைப் பற்றிக் கேட்டார், கிழக்குப் பக்கம் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் அவருக்கும் பேச ஒன்றும் இல்லை. "சரி மாப்ள, வாரேன்" என்று போனவர் மறுபடி வரவில்லை.

போன வாரம் காலையில் மோட்டார் போடப் போனேன். ஸ்டார்ட்டரை அழுத்தியும் மோட்டார் ஓடவில்லை. போய்ப் பார்த்தால் என் கேபிளை அறுத்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட முனை பளபளவென்று இருந்தது. அந்த நிமிடம் அதை அறுத்தவன் என் எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மண்வெட்டி கையில்தான் இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்ய எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருட்டுவதற்குள் எல்லோரும் என் வாசலில் இருப்பார்கள். பார்த்தியா தம்பி என்பார் அண்ணன். மாமா அவரைக் கிண்டல் செய்வார். அக்கா பால் கொண்டுவருவார். அவர்கள் வந்து உட்கார்ந்து பேசினால், நான் போய்த் துப்பாக்கியை வாங்கிவிடுவேன். ஆர்டர் இன்னும் வரவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் உடுமலைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். இந்தத் தடவை மேலே விடாமல், போர்வெல்லில் இருந்து மோட்டார் ரூம் வரைக்கும் மண்ணை வெட்டி, குழாய்க்குள் விட்டுப் புதைத்தேன். தனியாக வெட்டியதில் நாள்கணக்காக ஆனது. நேற்று கடைசித் துண்டை மூடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் வேலி ஓரமாக மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். நின்றார்.

"என்ன தம்பி, வாய்க்காலா?"

"பைப் ஒடஞ்சு போச்சுங்கண்ணா."

மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது கேட்பார் என்று நின்றேன்.

"சரி" என்றார். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை
4-8-2024