பட்டியலில் மிஞ்சிய ஸ்கூட்டர்

இது எனக்கு நடந்தது. நான் குடிக்கிறவன் அல்ல, அமாவாசை என்றால் நடுங்குகிறவனும் அல்ல. பெயர் பொகளே. இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக். நம்பாதவர்கள் புனே சதாசிவ் பேட்டில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்து, என் மேஜை டிராயரைத் திறந்து பார்க்கலாம். கருகிப்போன ரெகுலேட்டர் ஒன்று கிடக்கும். அதைத் தூக்கிப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன வருஷம் மே மாதம் கம்பெனியிலிருந்து ரீகால் வந்தது. ஒரு மாடலில் ரெகுலேட்டர் சரியில்லையாம். பேட்டரிக்கும் விளக்குக்கும் போகிற மின்சாரத்தை அளந்து விடுகிற சின்னப் பெட்டி அது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உருகிவிடும். ஓடுகிற வண்டி சட்டென்று நின்றுவிடும். முன் விளக்கு, பின் விளக்கு, ஹார்ன் எல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும். இலவசமாக மாற்றிக் கொடுங்கள், ஒரு வண்டியையும் விட்டுவிடாதீர்கள் என்று 214 பேரின் பட்டியலை அனுப்பினார்கள். எல்லோருக்கும் கடிதம் போட்டோம். புதிதாக மாட்டிய ஒவ்வொரு பெட்டியிலும் பட்டியல் எண்ணை ஊசியால் கீறி, பக்கத்தில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பது என் வழக்கம்.

எங்கள் பேட்டையில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை கிடையாது. சாமியே வந்தாலும் நான்கு மணிக்குத்தான். முதலாளி தாம்லே வீட்டுக்குப் போய்விடுவார். நான் ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டிவிட்டு, பாயை விரித்துப் படுத்துவிடுவேன். வெளியே தொங்கிய போர்டு என் கைவண்ணம். "1 முதல் 4 வரை தூக்கம். பெல் அடித்தால் கடிகாரம் வேகமாக ஓடாது." படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஜூன் மாதம் ஒரு மதியம் யாரோ பெல் அடித்தார்கள். மூன்று முறை. வெளியே நல்ல மழை. "படிக்கத் தெரியாதா?" என்று முனகிவிட்டுப் புரண்டு படுத்தேன். இந்தப் பேட்டையில் கடை வைத்திருக்கிற எவனும் அதைத்தான் செய்வான்.

ஜூன் முடிவதற்குள் 213 வண்டிகள் வந்துவிட்டன. மிஞ்சியது ஒன்று. பட்டியலில் எண் 87. சுலபா கோண்டே, சிவாபூர். காத்ரஜ் சுரங்கப்பாதையைத் தாண்டி இருக்கிற ஊர். தினம் அந்த இருட்டுக்குள் புகுந்து வெளியே வருகிற வண்டி.

ஜூலை 1, பகல் 12:40. போன் போட்டேன். எடுத்தார்கள். பேச்சு இல்லை.

கிர்ர்... கிர்ர்...

கிளம்பாத வண்டியின் ஸ்டார்ட்டர் சத்தம். எனக்கா அது தெரியாது?

"அக்கா, ரீகால் விஷயமா பேசறேன். வண்டியை எடுக்காதீங்க. நானே ஆள் அனுப்பறேன்."

கிர்ர்... கிர்ர்... போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் 12:40. அதே சத்தம். மூன்றாம் நாளும் அதே. தாம்லேயிடம் சொன்னேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார்.

"ஏன்யா பொகளே, அந்தம்மாவுக்கு வேற வேலையில்லையா? உனக்கு ஸ்டார்ட்டர் அடிச்சுக் காட்டிட்டு இருக்குதா?"

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா?"

"லெட்டர் போட்டாச்சு. போனும் போட்டாச்சு. இதுக்கு மேல தோள்ல தூக்கிட்டு வரவா முடியும்?"

முடியாதுதான். ஆனால் அவள் வண்டி எந்த நேரமும் நின்றுபோகலாம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுச் சிவாபூருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

ஜூலை 4, வியாழன். ஆம்டி என்கிற பருப்புக் குழம்பும் சாதமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் 2:20.

பெல் அடித்தது.

மறுபடியும்.

மூன்றாவது முறை அடித்தபோது எழுந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் மதியத்தில் நான் எழுந்தது அன்றைக்குத்தான். பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினேன்.

வெள்ளை ஸ்கூட்டர். பிடித்துக்கொண்டு ஒரு பெண். எல்லாப் பெண்களையும் போலத் துப்பட்டாவைத் தலை, முகம், கழுத்து என்று இறுக்கிச் சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. இந்த ஊரில் சொந்தத் தங்கையே வண்டியில் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். எண் 87-க்கு எதிரே எழுதியிருந்த அதே நம்பர். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

"வாங்கக்கா! உங்களைத்தான் மூணு நாளா தேடிட்டிருக்கேன்."

"போர்டுல நாலு மணின்னு போட்டிருக்கே."

"அது கிடக்குது. உள்ள வாங்க."

"என்னால காத்திருக்க முடியாது. பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்துடுவா."

வண்டியை நான்தான் உள்ளே தள்ளினேன். ஹேண்டில் ஜில்லென்று இருந்தது. அவள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். மூன்று நாளாகப் புனேயில் ஒரு பொட்டு மழை இல்லை. எங்கேயாவது தண்ணீர் லாரி அடித்துவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

2:31. முன் மூடியைக் கழற்றினேன். ரெகுலேட்டர் கரிக்கட்டையாகக் கிடந்தது. பிளக் உருகி வயரோடு ஒட்டிப்போயிருந்தது. இந்த நிலையில் ஒரு விளக்குகூட எரியாது. வண்டி ஒரு அடிகூட நகராது.

"அக்கா, இதை வெச்சுக்கிட்டுச் சிவாபூர்லேருந்து எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஓடல."

நான் நிமிரவில்லை.

"ஓடாமத்தான் வந்தேன்."

திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது... கழுத்து திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்... வேலையை மட்டும் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

புதுப் பெட்டியை மாட்டினேன். 87 என்று கீறினேன். பச்சைப் பொட்டு வைத்தேன்.

2:52. ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

கிர்ர்...

வண்டி கிளம்பியது. விளக்கு எரிந்தது.

"இனிமே நிக்காதுக்கா."

முன் மூடியை மாட்டினேன்.

சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

ஸ்பானரை டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

யாரும் இல்லை. வண்டியும் இல்லை.

ஷட்டர் இறங்கியிருந்தது. உள்பூட்டு பூட்டியபடி தொங்கியது.

தரையில் ஈரமான டயர் தடம். ஷட்டர் வரைக்கும்...

என் இடது கையில் அந்தக் கருகிய ரெகுலேட்டர். அது சுட்டது. அப்போதுதான் எரிந்ததைப் போல.

மறுநாள் காலை 9:10-க்குச் சிவாபூரில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கணவர் திறந்தார். கடைப் பெயரைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே சுவரில் ஒரு போட்டோ, மாலையோடு. அவள் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

"ஜூன் பதினெட்டு. சுரங்கத்துக்குள்ள வண்டி நின்னுபோச்சு. லைட்டும் போயிடுச்சு. பின்னால வந்த லாரிக்காரனுக்கு எதுவும் தெரியல."

"போன் எடுத்தாங்களே..." என்று உளறினேன்.

"எந்தப் போனு? அது அன்னைக்கே சக்கரத்துல நொறுங்கிடுச்சே அண்ணே."

வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. போலீஸ் சௌகிக்குப் பின்னால் வேலி ஓரம் கிடந்தது. பின்பக்கம் நசுங்கி, சக்கரம் வளைந்து, ஹேண்டிலில் கொடி படர்ந்திருந்தது. கேஸ் முடியும் வரை யாரும் தொடக்கூடாது, தொடவும் இல்லை என்றார் ஹவல்தார். முன் மூடி விரிசல் விட்டிருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

துருவுக்கு நடுவே பளபளவென்று புது ரெகுலேட்டர். 87. பச்சைப் பொட்டு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு மத்தியானம் லெட்டரைப் பார்த்துட்டு உங்க கடைக்குத்தான் வந்தா. ரெண்டு இருபதுக்கு எனக்குப் போன் பண்ணா. ஏதோ போர்டைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சா. சும்மா பெல் அடிச்சுப் பாருன்னு நான்தான் சொன்னேன். மூணு தடவை அடிச்சா. எனக்குப் போன்லயே கேட்டுது."

அந்த பெல் எனக்கும் கேட்டது என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

போர்டைக் கழற்றிவிட்டேன். இப்போது மதியமெல்லாம் ஷட்டர் திறந்தே இருக்கிறது. 2:20-க்கு யாரும் வருவதில்லை. கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, 214-ம் முடித்த கடை என்று. தாம்லே அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வேலைக்கு மொத்தம் இருபத்தொரு நிமிஷம்தான் ஆனது.