உள்ளங்காலில் ஒரு சுண்டு

சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். மருந்துக்கடைப் புண்ணியவான் டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் அள்ளிக் கொடுத்த வலி மாத்திரையில்தான் அவளுக்குக் கை ஓடியது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அதை விட முடியவில்லை. விட்ட அன்று உடம்பே உதறியது. "மாத்திரை ஏதாவது போடுறியாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, திட்டுக்குப் பயந்து இல்லையென்று தலையாட்டிவிட்டாள்.

பிறந்த மகன் அழவே இல்லை, சுருண்டு தூங்கினான். "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்ல" என்று அவள் பூரித்துக்கொண்டிருக்கையில் அவன் உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். வீறிட்டான். அப்போதுதான் இவள் உண்மையைக் கொட்டினாள்.

"அந்த மாத்திரை மயக்கம் இவனுக்கும் இறங்கியிருக்கு. மூச்சு விட மறந்துடுறான். மறந்தா இப்படிச் சுண்டி, உடனே என்னைக் கூப்பிடு."

கண் கொட்டாமல் காவல் இருந்தாள். ஒரு மத்தியானம் சுண்டியும் அவன் அழவில்லை. டாக்டர்கள் போராடிப் பார்த்துக் கைவிட்ட பிறகும் சுண்டிக்கொண்டிருந்தாள். "போதும்மா" என்று நர்ஸ்தான் அவள் விரல்களைப் பிடித்து விலக்கினாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளின் மடியில் ஒரு கைக்குழந்தை அயர்ந்து தூங்கியது. இவள் கை தானாகப் போய் அதன் காலில் சுண்டியது. குழந்தை ஊரைக் கூட்டியது.

"பைத்தியமா உனக்கு? தூங்குற பிள்ளையை அழ வைக்கிறியே!"

"அழட்டும்மா," என்றாள் இவள். "நல்லா அழட்டும்."