எவரெஸ்ட் ஏறிய வருஷத்தில் பிறந்தவள்

என் சிநேகிதியின் மருமகள் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். 1953-ஆம் வருஷம் உலகத்தில் நடந்த பெரிய சங்கதிகள் எல்லாம் அதில் இருந்தன. சிநேகிதியும் நானும் மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தோம். பால் கறக்க இன்னும் நேரம் இருந்தது. மருமகள் நின்றபடியே படித்தாள்.

"எவரெஸ்ட் மலை மேல மொதமொதலா ரெண்டு பேரு ஏறுனது அந்த வருசந்தானாமுங்க. ஞாவகம் இருக்குதுங்களா?"

"நா அப்பத்தான் பொறக்கறேன். எனக்கென்ன தெரியும்? அக்காளக் கேளு" என்றாள் சிநேகிதி.

அக்காள் என்றது என்னைத்தான். அப்போது எனக்கு ஏழு வயது. யார் எந்த மலையில் ஏறினால் எனக்கு என்ன? கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தில் எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு கரடு உண்டு. அதன் மேல் ஏறியதற்கே அம்மாவிடம் அடி வாங்கியவள் நான்.

பொழுதுபோக்குக்கு எடுத்துவந்த தாள் இல்லை அது. சிநேகிதிக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறாள். மாசக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபது வயது ஆனவர்களுக்குச் சர்க்கார் தரும் சிகிச்சைக் கார்டு இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒன்றும் கட்ட வேண்டாம். இவளுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. ஆனால் ஆதாரில் பிறந்த தேதி 1958 ஜனவரி ஒன்று. தேதி தெரியாதவர்களை எல்லாம் அன்றைக்குப் பிறந்ததாக எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள்.

பிறப்பு எங்கேயும் பதியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பவில்லை. அவள் கையில் இருந்தது ஜாதக நோட்டு ஒன்றுதான். விஜய வருஷம், ஐப்பசி மாதம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். ஆபீசர் நல்ல மனுஷர். மலையாளக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். பக்கத்து மேஜையில் இருந்த பெண் விஜய வருஷம் எது என்று போனில் தேடிப் பார்த்தாள்.

"சாரே, 2013-ன்னல்லோ காணுது" என்றாள்.

"அப்படின்னா இந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசு. ஏழாம் கிளாசில சேர்த்துடலாம்" என்றார் ஆபீசர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிநேகிதியும் சிரித்தாள், சிரித்ததிலேயே அவளுக்கு மூச்சு இரைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் அதே பெயர் திரும்பி வரும் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. படித்தவர்களுக்குக் கைநாட்டுக்காரி பாடம் நடத்துகிறேன்! கைநாட்டு என்பதும் இப்போது சரியில்லை. எழுத்தறிவு வகுப்பில் கற்றுக்கொண்டு என் பெயரைக் கோணாமல் எழுதுகிறேன், பஸ் போர்டு வாசிக்கிறேன்.

ஜாதகம் மட்டும் போதாது என்றார் ஆபீசர். அந்த வருஷத்தில் நடந்த சம்பவம் ஏதாவது வீட்டில் பேசிய ஞாபகம் உண்டா, அதை வைத்துப் பிறப்பைச் சொல்லக்கூடிய ஆள் உண்டா என்று பார்த்து வரச் சொன்னார். அதற்காகத்தான் அந்தத் தாள்.

மருமகள் மேலே படித்தாள். இங்கிலாந்தில் ஒரு ராணிக்குக் கிரீடம் வைத்தார்கள். ரஷ்யாவில் பெரிய தலைவர் ஒருவர் இறந்துபோனார். கொரியாவில் சண்டை நின்றது. உயிரின் உள்ளே முறுக்கின ஏணி மாதிரி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

"ஆருக்குள்ள ஏணி?" என்றாள் சிநேகிதி.

"எல்லாருக்குள்ளயுந்தானுங்க அத்தை."

"அதுலதான் மூச்சு ஏற மாட்டேங்குதாட்டம் இருக்குது."

"நீ செத்த நேரம் பேசாம இரு புள்ள" என்று அதட்டினேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இத்தனை நடந்திருக்கிறது, ஒன்றாவது எங்கள் ஊர் வழியாகப் போகக் கூடாதா? மதராஸிலிருந்து ஆந்திரா பிரிந்ததும் அந்த வருஷம்தானாம். என் அப்பா வாராவாரம் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர். அந்தச் சந்தை இருந்தது மதராஸ் ராஜ்யத்தில்தான். அவராவது வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொன்னாரா? புண்ணாக்கு விலையைத்தான் சொன்னார்.

அந்த ஐப்பசியில் எனக்குத் தெரிந்த உலகச் செய்தி ஒன்றே ஒன்று. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதை நாங்கள் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வரும். குழந்தையின் அம்மாவுக்கு என் வாய்த்துடுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்கள் அத்தனை பேர் இருக்க, என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். மழையில் நனைந்த பாவாடையோடு நின்று நான்தான் வைத்தேன். பிற்பாடு இவள் யாரோடு சண்டை பிடித்தாலும், இது அவள் வைத்த சேனை என்று பழி என் மேல்தான் விழும்.

"எந்த ராணியும் வேண்டாம். நானே வந்து சொல்றேன். இதுக்கு மேல என்ன சாட்சி?" என்றேன்.

மறுநாளே போனோம். சேனை வைத்த கதையை ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசித்துக் கேட்டார். கண்ணால் கண்ட மூத்தவர் நீங்கள் இருக்கிறீர்கள், சத்தியவாங்மூலம் என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஜாதகத்தோடு சேர்த்து மேலே அனுப்பலாம் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடையாளத்துக்கு என் ஆதாரைக் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதில் எழுதியிருப்பது ஞாபகம் வந்தது.

அவர் கார்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க பிறந்தது 1955. இந்த அம்மா பிறந்தது 1953னு சொல்றீங்க. இன்னும் பிறக்காத நீங்க எப்படி அம்மா சேனை வெச்சீங்க?"

மருமகள் என் முகத்தையே பார்த்தாள். சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். ஊரில் மற்ற யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு வயது இளையவர். எங்கள் பக்கம் பெண் மூத்தவளாக இருந்தால் சம்பந்தமே பேச மாட்டார்கள். அதனால் என் அப்பா ஜோசியரை வைத்து என் ஜாதகத்தை மாற்றி எழுதினார். பிறகு கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது, வீட்டுக்காரர் தன் வயதைக் குத்துமதிப்பாகக் குறைத்துச் சொல்லி, "இவ எனக்கு நாலு வயசு சின்னவ" என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவருக்குத் தலைக்குனிவு, எனக்கும்தான். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் கட்டிக் காத்த பொய் இப்போது வில்லேஜ் ஆபீஸ் மேஜையில் கிடந்தது.

"அதுல எழுதியிருக்கறது பொய்யுங்க. நா 1946. எங்கூட்டுக்காரருக்கு நா மூத்தவ" என்றேன்.

பக்கத்து மேஜைப் பெண் தட்டச்சை நிறுத்தினாள். ஆபீசர் சிரிக்கவில்லை. அப்படியானால் முதலில் உங்கள் கார்டைத் திருத்திக்கொண்டு வாருங்கள், அப்புறம்தான் உங்கள் சாட்சி செல்லும் என்றார். என் கார்டைத் திருத்த என்ன வேண்டும்? எனக்கும் ஒரு சாட்சி வேண்டும். என் வயதை ஒத்தவர், வயதுக்குச் சரியான பத்திரம் உள்ளவர். ஒரு பிறப்புக்கு அலைந்துகொண்டிருந்தோம், இனி இரண்டு பிறப்புக்கு அலைய வேண்டும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சிநேகிதி, "உடுங்க்கா, என்ற விதி" என்றாள்.

"சேனையில விதி எல்லாம் வெக்கல. வாய மூடு" என்றேன். கோபம் அவள் மேல் இல்லை.

என் வயதைச் சொல்ல உயிரோடு இருப்பது ஒருத்திதான். என் வீட்டுக்காரரின் அக்காள், எனக்கு நங்கையா முறை. ஆனைகட்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவள், பத்திரம் இருக்கிறது. அவளும் நானும் ஒரே ஆடியில் வயதுக்கு வந்தோம். பெண் பார்க்க வந்த அன்றே, இவள் எப்படி என் தம்பிக்கு இளையவளாவாள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். என் அப்பா திருத்திய ஜாதகத்தை எடுத்து வைத்தார். பொறாமையில் பொய் சொல்கிறாள் என்று அவள் வீட்டாரே அவள் வாயை அடைத்தார்கள். நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். துக்கத்துக்கு வந்தபோதுகூட அவள் என்னோடு பேசவில்லை.

மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பியதும் மருமகள் போனைப் போட்டுக் கொடுத்தாள்.

"நங்கையா, நாந்தானுங்க" என்றேன்.

"தெரியுது. சொல்லு."

ராணி, மலை எதையும் சொல்லவில்லை. வால்வைச் சொன்னேன், கார்டைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நெசத்தச் சொன்னதுக்கு என்னையப் பொய்க்காரின்னீங்க. இன்னைக்கு அதையே நா ஆபீசுல வந்து சொல்லோணுமா?"

"ஆமாங்க."

"எனக்குக் காது மந்தம். நீ ஆருக்கு மூத்தவ? சத்தமாச் சொல்லு."

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கொட்டகை வாசலில் பால் ஊற்றப் போகிறவர்கள் இரண்டு பேர் கேனோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி என்னையே பார்த்தாள்.

"உங்க தம்பிக்கு நா மூத்தவளுங்க. நீங்க சொன்னதுதான் நெசம்" என்றேன், அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கும்படி.

அவள், கோயம்புத்தூரில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள்.