விரிக்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள்

சலவைக்கூடத்தில் டீயோடு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் தருவார்கள். என் அக்கா ஒன்றைத் தின்பாள். இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதை எடுப்பாள். கிடைக்காவிட்டால் எடுக்கமாட்டாள், அது மறுநாளைக்குப் போகும். பகலெல்லாம் ஆவியில் கிடந்து நமுத்துப்போன பிஸ்கட். அதை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, நாங்கள் இறங்கும் ஸ்டாப் வரைக்கும் வரவைத்துவிடுவாள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். ஒருநாளும் மாறியதில்லை.

எதைக் கொடுத்தாலும் "அப்புறம் சாப்பிடுறேன்", "அப்புறம் பார்க்கிறேன்" என்பாள். அதனால் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'அப்புறம்'. "அப்புறம் வந்தாச்சா?" என்று சூப்பர்வைசர்கூடக் கேட்பார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "கோவத்தையும் அப்புறத்துக்கு எடுத்து வச்சிருக்கா போல" என்றார் ஒருநாள் இஸ்திரி போடுகிறவர். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது பலித்தது.

நானும் அக்காவும் மடிக்கிற பிரிவில் இருக்கிறோம். ஹோட்டல்களிலிருந்து வரும் பெரிய விரிப்புகளை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று உதறி, கிட்டே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எனக்கு ஆட்களிடம் பேச வராது. அவளிடம் மட்டும், அப்படி நடந்து போய்ச் சேரும் நேரத்தில், இரண்டு வார்த்தை பேசிவிடுவேன்.

இருப்பது அண்ணன் வீட்டின் பின்னறையில். இரண்டு கட்டில், நடுவில் ஒரு பீரோ. அக்கா அந்தப் பீரோவில் வைத்தது எதுவும் அவளுக்கு மிஞ்சியதில்லை. ரோஜா வாசனை சோப்பு ஒன்று, டப்பா பிரிக்காமல் துணிகளுக்கு நடுவே இருந்தது. விருந்தாளி வந்த அன்று அண்ணி அதைப் பிரித்துக் குளியலறையில் வைத்துவிட்டாள். கண்ணாடிக் கோப்பைகள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பரிசாகப் போயின. புதுச் செருப்பை அண்ணன் மகள் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போய் வாரை அறுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான்: "சும்மாதானே இருந்துச்சு." அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அண்ணி கெட்டவள் இல்லை. கையில் வந்ததை அன்றைக்கே அனுபவித்து, பத்துப் பேருக்கும் கொடுத்துச் சிரிக்கிறவள். எடுத்துவைத்த பொருள் அவள் கண்ணுக்கு யாருடையதும் இல்லை. அவ்வளவுதான்.

கடைசியில் மிஞ்சியது ஒரு விரிப்பு. நாங்கள் சலவை செய்து கொடுத்த ஹோட்டல் ஒன்றை மூடியபோது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் உடனே உதவும் என்று கம்பளி எடுத்தார்கள், துண்டு எடுத்தார்கள். அக்கா ஒரு பச்சை விரிப்பை எடுத்தாள். இலைப் பச்சை, அதில் வெள்ளைப் பூ நெய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் துணி அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் அவ்வப்போது கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். பிரித்து, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, வேறு இடத்தில் மடிப்போம். மடிக்குமுன் கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். எங்கள் காரை பெயர்ந்த சுவரில்கூடப் பச்சை அடிக்கும். எனக்குக் கை வலிக்கும். சொல்லமாட்டேன்.

போன வருஷம் அண்ணன் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அங்கே ஓர் அறை எடுத்தாள். வீட்டு முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்து, "பீரோவுல அந்தப் பச்சை விரிப்பு சும்மாதானே கிடக்கு, எடுத்துட்டு வா" என்றாள். பழக்கதோஷம், நான் எழுந்துவிட்டேன்.

"உட்காரு" என்றாள் அக்கா.

நான் உட்கார்ந்தேன்.

"அது சும்மா கிடக்கல அண்ணி. நான் வச்சிருக்கேன்."

"வச்சிருந்து என்ன பண்ணப் போற? விரிக்கப் போறியா?"

"இல்ல."

"அப்போ குடு. சின்னப் பொண்ணு ஆசையா விரிச்சுப் படுக்கட்டும்."

"குடுக்கவும் மாட்டேன்."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "இது என்ன நியாயம்? விரிக்கவும் மாட்டாளாம், குடுக்கவும் மாட்டாளாம். எங்கம்மா போனப்போ பெட்டியைத் திறந்தேன். எல்லாம் புதுசு. லேபிள்கூடக் கிழிக்கல. அதைப் பார்த்து எப்படி அழுதேன்னு எனக்குத்தான் தெரியும். அன்னைக்கே முடிவு பண்ணினேன், எதையும் எடுத்துவைக்கக் கூடாதுன்னு. நீயும் அப்படிப் போகணுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. அக்கா இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அவங்க அந்தப் பெட்டியை எடுத்து எடுத்துப் பார்க்கலன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "நீங்க கையில வந்ததும் அனுபவிக்கிறீங்க. நான் வச்சு வச்சு அனுபவிக்கிறேன். உங்களதை நான் என்னைக்காவது பிடுங்கினேனா?"

அண்ணன் பேப்பரை இறக்கினார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்னது உன்னதுன்னு பேசலாமாம்மா?"

"பேசலாம்ணே. சோப்பு போனப்பவே பேசியிருக்கணும்."

அண்ணன் மகள் குறுக்கே வந்தாள். "விடும்மா, அத்தைகிட்ட வாங்கினா எனக்குத் தூக்கமே வராது. கனவுல வந்து மடிச்சு வைன்னு சொல்லுவாங்க." யாரும் சிரிக்கவில்லை. அவள் விரிப்பு இல்லாமலே ஊருக்குப் போனாள். அண்ணி எங்கள் இருவரிடமும் பேச்சை நிறுத்தினாள். சோற்றுத் தட்டை மட்டும் 'டங்'கென்று வைப்பாள். அக்கா பீரோவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக்கொடி போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு புதன்கிழமை, சலவைக்கூடத்தில் பாய்லர் கெட்டுப்போய் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்தவில்லை. இரண்டு கட்டிலையும் இழுத்துச் சேர்த்தாள். பூட்டைத் திறந்தாள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறினோம். இந்தத் தடவை மடிக்காமல் கட்டிலின் மேல் இறக்கினாள். நடுவில் ஏறி, காலை நீட்டிப் படுத்து, கைக்குட்டையைப் பிரித்தாள். அன்றைய பிஸ்கட். ஜன்னல் எதுவும் பக்கத்தில் இல்லை.

"நீயும் ஏறு" என்றாள். ஏறினேன்.

சத்தம் கேட்டு அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பாய்லர் கெட்டுப்போச்சு."

அண்ணி பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உட்காரச் சொல்வாள் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. விரிப்பில் விழுந்த தூளை விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் மடித்தோம். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "விரிச்சதை ஏன் எடுக்கிற? இனிமே தினம் விரிக்க வேண்டியதுதானே?"

"அப்புறம்" என்றாள் அக்கா.

விரிப்பு இப்போது பீரோவில் இருக்கிறது. சாவி அவள் கழுத்தில். அண்ணி பேசுகிறாள், ஆனால் கதவைத் தட்டாமல் எங்கள் அறைக்குள் வருவதில்லை. அக்கா அதை மறுபடி விரிக்கவில்லை. எப்போது விரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.